பதிவாளர் வீட்டுப் புதுப் பூட்டு

என் அண்ணிக்குக் கோபம் வராது. அவள் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே பட்டுத் தொலைக்கிறேன். இதை எழுத உட்காரும்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. எங்காவது வார்த்தை தடித்திருந்தால் அது என் குணம், அவளுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணி பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியை. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மீதி மேடம். எந்த எண் கண்ணில் பட்டாலும் அதை இன்னொன்றால் வகுத்து மீதி என்ன என்று பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் என் கைபேசி எண்ணைக் கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "பதிமூணால வகுபடுது. பரவால்ல, மறக்காது" என்றாள். அண்ணன் இந்த லூசை எங்கே பிடித்தான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கண்ணாடி மாற்ற வந்தவளைச் சுவரிலிருந்த பலகையைப் படிக்கச் சொன்னானாம். அவள் கடைசி வரிசை எண்களையெல்லாம் கூட்டி விடை சொன்னாளாம். ஆள் அங்கேயே விழுந்துவிட்டான்.

அவளுடைய அப்பா நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணிக்கு அந்தத் தகரக் கொட்டகைதான் வீடு. லாரி வந்து நிற்கும். அப்பா எடையைப் பார்ப்பார், மகள் நம்பர் பிளேட்டைப் பார்ப்பாள். அந்த எண் எதாலெல்லாம் வகுபடுகிறது என்று மனத்துக்குள்ளேயே உடைத்துக்கொண்டிருப்பாள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் என்பதைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் முன்பே அவள் அவற்றுக்கு 'உடையாத வண்டி' என்று பெயர் வைத்திருந்தாள். டிரைவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. "பாப்பா, என் வண்டி உடையுமா உடையாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடைச்சீட்டையே வாங்குவார்களாம்.

அந்த வேலையைத்தான் அவள் இன்றைக்கும் செய்கிறாள். எண்கள்தான் பெரிதாகிவிட்டன. ஒரு பக்கம் முழுக்க நீளும் எண்கள், கணினியை விட்டு அவற்றை உடைத்துப் பார்க்கும் வழிகள். இதில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கும்போதே முதல் அடி விழுந்தது. அவளுக்கு வழிகாட்டியாக இருந்த மனிதர் அவள் ராப்பகலாக உழைத்துக் கண்டுபிடித்த முறைக்கு முன்னால் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு அகர வரிசை என்றாராம். அகர வரிசையில் அவர் பெயர் அவளுக்குப் பின்னால் வரும்! இதைக் கேட்டு நான் கொதித்தபோது அண்ணி சிரித்தாள். "விடு. யார் பேரு போட்டா என்ன, அந்த முறை தப்பாயிடுமா?" அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரியும்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த அறை, கழிப்பறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் நாற்றம், மறுபக்கம் இரைச்சல். மற்ற துறைகள் கழித்துப் போட்ட கணினிகளைக் கெஞ்சி வாங்கிவந்து, மூடியைக் கழற்றி, இரும்புப் புத்தக அலமாரியில் அடுக்கி, ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தாள். சூடு தாங்காமல் நின்றுவிடும் என்பதால் எதிரே ஒரு மேஜை விசிறி. விசிறிக்காற்று கணினிக்கு, வியர்வை அவளுக்கு. துறைத்தலைவர் அந்த அறையைக் காயலான் கடை என்பார். அந்தக் காயலான் கடையிலிருந்து வந்த கட்டுரைகளைத்தான் துறையின் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் போட்டுக்கொள்வார்.

இனி பூட்டுக்கு வருகிறேன்.

நான் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் மேலாளர். போன வருடம் விடுதி நிர்வாகம் சாவியையெல்லாம் ஒழித்துவிட்டு எல்லாக் கதவுகளுக்கும் மின்னணுப் பூட்டு போட்டது. அட்டையைக் காட்டினால் திறக்கும், கைபேசியிலும் திறக்கும். ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு அதே கம்பெனிதான். பல்கலைக்கழகமும் அதையே போட்டது, ஆசிரியர் குடியிருப்பு உட்பட.

அந்தப் பூட்டின் கணக்கை அண்ணி எனக்குப் புரியும்படி பிறகு சொன்னாள். ஒவ்வொரு பூட்டும் இரண்டு மிகப் பெரிய பகா எண்களைத் தனக்குள் ரகசியமாக வைத்திருக்கும். அவைதான் அதன் சாவி. அவற்றைப் பெருக்கி வந்த விடையை மட்டும் வெளியே சொல்லும். பெருக்குவது சுலபம். விடையை வைத்துக்கொண்டு அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது உலகத்தில் உள்ள அத்தனை கணினிகளாலும் ஆகாது. அதனால் விடையை யாரும் மறைப்பதில்லை. கம்பெனியே எல்லாப் பூட்டுகளின் விடைகளையும் தன் இணையதளத்தில் போட்டு வைத்திருந்தது, வீட்டுக் கதவு எண் மாதிரி.

அண்ணி அவற்றையெல்லாம் எடுத்துக் காயலான் கடையில் போட்டு அரைத்தாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எண்ணைக் கண்டால் சும்மா இருக்க முடியாத ஆள், அவ்வளவுதான். அரைத்ததில் நிறையப் பூட்டுகள் உடைந்துவிட்டன. காரணம் சின்னதுதான். பகா எண்ணைப் பூட்டு தானாக, குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். தொழிற்சாலையில் முதல்முதலாக மின்சாரம் கொடுத்த கணத்திலேயே தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? தூக்கத்திலிருந்து எழுப்பிய குழந்தைகள் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் திரும்பி ஒரே எண்ணைப் பிடித்திருக்கின்றன. ஒரு பூட்டின் இரண்டு எண்களில் ஒன்று, இன்னொரு பூட்டிலும் இருந்தால் போதும். இரண்டு விடைகளுக்கும் மீப்பெரு பொதுக் காரணி கண்டால் அந்த எண் கையில் வந்து விழும், விடையை அதால் வகுத்தால் மற்ற எண்ணும் வந்துவிடும். ஆறாம் வகுப்பில் நாம் எல்லோரும் போட்டு வெறுத்த அதே மீப்பெரு பொதுக் காரணி.

இவர்களுடைய தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்தால் முதலில் சொந்தக்காரரிடம்தான் சொல்ல வேண்டும். அடைப்பதற்கு மூன்று மாதம் தர வேண்டும். அதுவரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடக் கூடாது. நல்ல வழக்கம்தான், ஊரில் எல்லோரும் யோக்கியர்களாக இருந்தால்.

அண்ணி கம்பெனிக்கு மரியாதையாக எழுதினாள். நம்ப மாட்டார்களே என்று ஆதாரத்துக்கு ஒரு பூட்டின் ரகசிய எண்கள் இரண்டையும் சேர்த்து அனுப்பினாள். முன்பின் தெரியாதவர் பூட்டைத் தொட்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று, நம்ம பல்கலைக்கழகம்தானே என்ற உரிமையில், நிர்வாகக் கட்டடத்தில் பதிவாளர் அறைப் பூட்டை எடுத்துக்கொண்டாள். கணிதம் படித்தவரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வராது. தெருவில் கிடந்த சாவியைச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது போலத்தான் அவள் நினைத்தாள். கம்பெனிக்காரனோ, 'உங்கள் பேராசிரியை உங்கள் பூட்டை உடைத்துவிட்டாள்' என்று பதிவாளருக்குப் புகார் அனுப்பினான்.

அதற்கு முன்பு, இதெல்லாம் எனக்குத் தெரியாத நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி விடுதிக்கு வந்தாள். கூடவே ஒரு தச்சர், கனமான ஒரு சாக்குப்பை. பை நிறைய இரும்புத் தாழ்ப்பாள்கள்.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"சும்மாதான். ஒவ்வொரு ரூமுக்கும் உள்பக்கம் ஒண்ணு இருக்கட்டும்."

"கம்ப்யூட்டர் பூட்டு போட்ட கதவுல தாழ்ப்பாளா? ஏரோப்ளேனுக்கு முன்னாடி மாட்டைக் கட்டுன மாதிரி இருக்கு."

"மாடு பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. எனக்காகப் போட்டுக்கோ" என்றாள். பெண்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்காதவள் மூன்றாவது மாடி நர்ஸ் மட்டும். கட்டியவனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண் அவள். எங்கே இருக்கிறாள் என்று அவன் தேடிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திய பிறகும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். தாழ்ப்பாள் போட்டதும் அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள், அண்ணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

புகார் வந்து, விசாரணை என்று ஆனபிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் அண்ணியிடம் கத்தினேன். இத்தனை பெண்களை என்னை நம்பி விட்டிருக்கிறார்கள், பூட்டு சொத்தை என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே என்று. "சொல்லக் கூடாதுங்கறது வழக்கம்மா. அதான் தாழ்ப்பாள் வாங்கிட்டு வந்தேன்" என்றாள். அதற்கு மேல் என்ன கத்துவது? கம்பெனிக்குப் போன் போட்டு மிச்சத்தைக் கத்தினேன். பூட்டை மாற்றித் தரச் சொன்னேன். தேன் தடவிய குரலில் ஒரு பெண் பேசினாள். "பூட்டுல எந்தக் குறையும் இல்ல மேடம். உங்க வேண்டுகோள் வரிசையில இருக்கு மேடம்." எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே வரிசை. என் கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

விசாரணை நாளில் அண்ணன் கடையைச் சாத்த முடியாது என்று சொல்லிவிட்டான். நான் போனேன். உள்ளே விடவில்லை. ஆனால் அந்த அறைக்கும் அதே கம்பெனிப் பூட்டுதான், சரியாகப் பொருந்தாமல் கதவு விரலளவு திறந்தே நின்றது. நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன். பதிவாளர், துறைத்தலைவர், கம்பெனி அதிகாரி என மூன்று பேர் ஒரு பக்கம். அண்ணி தனியாக மறுபக்கம்.

"பெரிய எண்ணை உடைக்கவே முடியாதுன்னு நீங்கதானே பாடம் நடத்துறீங்க?" என்றார் பதிவாளர்.

"ஒரு எண்ணை மட்டும் குடுத்தா முடியாது சார். ரெண்டு குடுத்து, ரெண்டுக்குள்ளயும் ஒரே பகா எண் இருந்தா முடியும்" என்ற அண்ணி எழுந்துபோய்ப் பலகையில் 8633 என்றும் 9797 என்றும் எழுதினாள். "இதுல ஏதாவது ஒண்ணை உடைச்சுப் பாருங்க. கஷ்டமா இருக்கும். ஆனா பெருசை சின்னதால வகுங்க. மீதி 1164. அதால 8633ஐ வகுங்க. மீதி 485. இப்படியே மீதியால வகுத்துக்கிட்டே போனா 194, அப்புறம் 97. அதுக்கு மேல மீதி இல்ல. ரெண்டு பூட்டுக்கும் பொதுவான எண் 97. அவ்வளவுதான் சார், ஆறாம் கிளாஸ் கணக்கு."

"இது கிளாஸ் எடுக்கற இடமில்ல" என்றார் பதிவாளர்.

கம்பெனி அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பலகையில என்ன வேணா எழுதலாம். உங்களால முடியும்னா இதோ எதிர் ரூம் கதவைத் திறந்து காட்டுங்களேன்."

அயோக்கியன். திறந்தால் திருட்டு, திறக்காவிட்டால் பொய். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி நிதானமாகச் சொன்னாள்: "எண்ணைத் திறந்தாச்சு. அடுத்தவங்க கதவைத் திறக்கறது என் வேலையில்ல."

துறைத்தலைவர் குனிந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டறிக்கையின் முதல் பக்கம் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை போலும்.

முடிவு முன்பே தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்தது. காயலான் கடை அன்றே பூட்டப்படும். விசாரணை முடியும்வரை எந்தக் கணினியிலும் அவள் இந்த ஆய்வைத் தொடரக் கூடாது. அடுத்த கூட்டத்துக்குள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும், வேலையோடு குடியிருப்பு வீடும் போகும். அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: அனுமதியின்றி ஆய்வு செய்ததற்கு மன்னிப்புக் கோருகிறேன். இனி இவ்வாறு செய்ய மாட்டேன். பூட்டுகளில் குறை எதுவும் இல்லை, என் கணக்கில்தான் பிழை நேர்ந்துவிட்டது.

காயலான் கடையை எதைக் கொண்டு பூட்டினார்கள் தெரியுமா? அதே கம்பெனியின் பூட்டு. அதன் இரண்டு எண்களும் அண்ணிக்குத் தெரியும். நினைத்திருந்தால் வெளியே நின்றபடியே திறந்திருப்பாள். தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போய்வந்தாள், விரலால்கூடத் தொடவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கவலைப்பட்டது எதற்குத் தெரியுமா? "அவசரப்பட்டு பெரிய எண்ணா எடுத்துட்டேன். பதினஞ்சும் இருபத்தியொண்ணும் எடுத்திருந்தா அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

வீட்டில் அண்ணன் அறிக்கையை மேலும் கீழும் படித்தான். "மூணே வரிதானே, போட்டுட்டு வா. ஊர்ல அவனவன் கணக்கைத் தப்பாப் போட்டுட்டு ஜாலியா இருக்கான்."

"மன்னிப்பு கேக்கறேங்க. இனிமே செய்யலைன்னும் எழுதிக் குடுக்கறேன். கணக்கு தப்புன்னு மட்டும் எழுத மாட்டேன்."

"ஒரு வரிக்காக வீட்டை விட்டுட்டு நடுத்தெருவுல நிக்கணுமா?"

"பார்வை சரியா இருக்கற ஒருத்தரை உக்கார வச்சு, உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

அண்ணன் அறிக்கையை மடித்து மேஜையில் வைத்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தான், இந்த முறை என்னைப் பார்த்து. "நீயாவது எடுத்துச் சொல்லேன்." நான் எடுத்துச் சொன்னேன், அவனுக்கு. கட்டியவள் தனியாக அந்த அறையில் நின்றபோது கடையில் யாருக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை கேட்டேன். அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை, எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

அடுத்த கூட்டம் நெருங்கியது. அண்ணி மூன்றாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டு எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது. பழைய அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள். விடுதியில் நர்ஸ் என்னிடம் வந்து, "அக்கா, இந்தப் பூட்டு சரியில்லைன்னு பேசிக்கறாங்களே, நிஜமா?" என்று கேட்டாள். தாழ்ப்பாளை மறக்காமல் போடு என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் காக்கும். வேலைக்குப் போனபின் எவனாவது உள்ளே புகுந்து காத்திருந்தால்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் விடுதி வாசல் பூட்டில் பேட்டரி தீர்ந்துபோய், கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வியர்த்து விறுவிறுத்து, தாமதத்துக்கு மன்னிக்கச் சொன்னார்.

"தலைக்கு மேல வேலை மேடம். ஒரு வாரமா யுனிவர்சிட்டி குவார்ட்டர்ஸ்லதான் கிடக்கேன்."

"அங்க என்ன?"

"பூட்டு மாத்தறோம். பதிவாளர் வீடு, அவரு ஆபீஸ், எங்க பெரிய ஆபீசர் வீடு, இன்னும் ரெண்டு மூணு பெரிய வீடு. எல்லாம் புது மாடல்."

"பழசு ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. உடனே மாத்துன்னு ஆர்டர். எதுக்குன்னு எங்களுக்குச் சொல்லல."

"எங்க விடுதிக்கு எப்போ?"

அவர் கைபேசியைத் தடவிப் பார்த்தார். "உங்களுது வரிசையில இருக்கு மேடம்."

பாவம் அந்த மனிதர்மேல் என்ன தப்பு? அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாத்திட்டாங்களா? அவரு வீட்டுலயா?"

"ஆமா அண்ணி. குறையே இல்லைன்னு உங்களை எழுதச் சொல்லிட்டு, தன் வீட்டுல மட்டும் மாத்தியிருக்கான்."

"அப்போ அவங்களுக்குக் கணக்கு புரிஞ்சிருக்கு" என்றாள்.

அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. காது மடல்கள் சிவந்துவிட்டன. குரல் மட்டும் உயரவில்லை. "நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? புரியற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியலைன்னு நெனச்சேன். தினமும் அதே யோசனை. எந்த எண்ணை எடுத்தா புரியும், எப்படி எழுதுனா புரியும்னு. முதல் நாளே அவங்களுக்குப் புரிஞ்சிருக்குடி!" பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள். புத்தகங்கள் சரிந்து அறை முழுக்கச் சிதறின. சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். குனிந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்தான். பெட்டியில் வைக்கவில்லை, மறுபடி அலமாரியில் அடுக்கினான். அந்த ஒன்றுக்காக அவனை மன்னித்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு அண்ணனும் கடையைச் சாத்திவிட்டு வந்தான். அதே பெஞ்ச், அதே சாத்தாத கதவு. பதிவாளர் அறிக்கையை அண்ணி பக்கம் நகர்த்தி, பேனா மூடியைக் கழற்றியும் வைத்தார்.

"மன்னிப்பு கேக்கறதா இருந்தேன் சார்" என்றாள் அண்ணி. "கணக்கு புரியாதவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறதுல எனக்கு வெக்கமில்ல. நல்லாப் புரிஞ்சுக்கிட்டே தப்புன்னு சொல்றவங்ககிட்ட கேக்க மாட்டேன். முதல் ரெண்டு வரியும் இனிமே கிடையாது."

"யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சாச்சு. போறதுக்கு முன்னாடி புதுப் பூட்டைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பழசு எப்படிக் கெட்டுச்சோ..."

"புதுசுலயுமா?" என்றார் பதிவாளர்.

வாயை விட்டு வந்துவிட்டது. பிடித்து உள்ளே போட முடியவில்லை. கம்பெனி அதிகாரி கண்ணை மூடிக்கொண்டான். அதுவரை பிள்ளைப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் திரும்பினார்.

"எந்தப் புதுப் பூட்டு சார்?"

பதிவாளர் பேனா மூடியைத் தேடினார்.

"உங்க வீட்டுல மாத்திட்டாங்களா? எங்க வீட்டுல மாத்தலையே! எனக்கு ஏன் சொல்லல? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு சார்!" அவர் குரல் நடையைத் தாண்டிப் படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணி தனியாக நின்றபோது வராத சத்தம், சொந்த வாசற்படி என்றதும் எங்கிருந்தோ வந்துவிட்டது. பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினான். நான் சிரித்துத் தொலைத்துவிடுவேனோ என்று அவனுக்குப் பயம்.

கடைசியில் பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், புதுப் பூட்டுல என்ன? அதைச் சொல்லுங்க."

"தெரியாது சார்."

"தெரியாதா?"

"அவசர அவசரமாப் பண்ணியிருந்தா இதுவும் அதே மாதிரி எண்ணைப் பிடிச்சிருக்கலாம். பிடிக்காமலும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். கணக்குப் போடக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க. என் மிஷினையெல்லாம் பூட்டி வச்சிருக்கீங்க."

அந்த அறிக்கை என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதாகக் கேள்வி. மன்னிப்பு என்ற சொல்லை அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் உச்சரிக்கவில்லை, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் பதிவாளர் தாமே அட்டையை எடுத்துக்கொண்டு, கழிப்பறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவுவரை நடந்துவந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தார். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அண்ணி உள்ளே போய் விசிறியைப் போட்டாள். தூசி பறந்தது. அலமாரியில் கணினிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன.

"எங்க வீட்டுப் பூட்டோட எண்ணை இப்பவே தந்துடறேன்" என்றார் பதிவாளர், வாசலில் நின்றபடி. "இன்னைக்கே பாத்துச் சொல்லிடுவீங்களா?"

அண்ணி திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வரிசை இருக்கு சார்" என்றாள். "முதல்ல பொண்ணுங்க விடுதிக்குப் புதுப் பூட்டு வரட்டும். எல்லாக் கதவுக்கும். அதோட எண்ணைத்தான் முதல்ல பார்ப்பேன். மூணாவது மாடியிலேர்ந்து ஆரம்பிக்கறேன்."